மோட்டாரின் வேகமும் டார்க்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மோட்டார் என்று பேச்செடுத்தால் போர்வெல்லில் ஆரம்பித்து மின் ஸ்கூட்டரில் போய் நிற்கும். விவசாயி ஒரு விதமாகக் கேட்பார், ராகி மில் வைத்திருப்பவர் ஒரு விதமாக, பாலிடெக்னிக் மாணவர் இன்னொரு விதமாக. கிளறிப் பார்த்தால் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: லோடு ஏறும்போது இந்த மோட்டார் என்ன செய்யும்? பதில் மோட்டாருக்கு மோட்டார் மாறும்.

டார்க் என்றால் என்ன? ஹெச்பி இருக்கும்போது அது எதற்குத் தனியாக?

ஷாஃப்ட் எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பதுதான் டார்க். பாடப்புத்தகத்தில் திருப்புவிசை என்று போட்டிருப்பார்கள். மையத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி 1 நியூட்டன் விசை கொடுத்தால் அது 1 நியூட்டன் மீட்டர். ஸ்பானர் கைப்பிடியில் ஒரு பைப்பைச் செருகி நீட்டினால் துருப்பிடித்த நட்டு கழன்று வருவது இதனால்தான்.

ஹெச்பி என்பது டார்க்கும் வேகமும் சேர்ந்த கணக்கு. 1 ஹெச்பி 746 வாட். சூத்திரம் இது: கிலோவாட் = டார்க் × ஆர்பிஎம் ÷ 9550. ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது.

5 ஹெச்பி மோட்டார் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2880 ஆர்பிஎம், மற்றது 1440. முதலாவதன் டார்க் சுமார் 12.4 நியூட்டன் மீட்டர், இரண்டாவதன் டார்க் சுமார் 24.7. ஹெச்பி ஒன்றுதான், முறுக்கும் பலம் இரண்டு மடங்கு. பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு, ‘அதே ஹெச்பிதானே’ என்று ஆர்பிஎம் பார்க்காமல் வேறொன்றை மாட்டுவது சரிவராமல் போவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

நேம் பிளேட்டில் 5 ஹெச்பி என்று இருந்தால் எப்போதும் 5 ஹெச்பி இழுக்குமா?

இழுக்காது. எவ்வளவு டார்க் என்பதைத் தீர்மானிப்பது லோடு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டால் அதே மோட்டார் பேரிங் உராய்வுக்கும் விசிறிக்கும் வேண்டிய அளவு டார்க் மட்டுமே கொடுக்கும். நேம் பிளேட்டில் இருப்பது, சூட்டில் காயில் கெடாமல் நாள் முழுக்க எவ்வளவு தாங்கும் என்ற எல்லை. அதற்கு மேல் கேட்டாலும் மோட்டார் கொஞ்ச நேரம் கொடுக்கத்தான் செய்யும், ஆனால் கரண்ட் ஏறும், காயில் சுடும்.

மோட்டாருக்கு வேகம்–டார்க் கோடு ஒன்று உண்டு. லோடுக்கும் ஒன்று உண்டு. இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அந்த வேகத்தில்தான் ஓட்டம் நிலைபெறும். மோட்டாரின் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு மோட்டார் வாங்குவது அரைக் கணக்கு.

லோடு ஏறினால் வேகம் ஏன் குறைகிறது?

முதலில் காந்தம் வைத்த சாதாரண டிசி மோட்டாரில் பார்ப்போம், அதில்தான் விஷயம் பளிச்சென்று தெரியும். 12 வோல்ட் மோட்டார், காயிலின் ரெசிஸ்டன்ஸ் 1 ஓம், லோடு இல்லாமல் 3000 ஆர்பிஎம் ஓடுகிறது என்று வையுங்கள். காந்தப்புலத்தில் சுற்றும் காயில் தானும் ஒரு ஜெனரேட்டர்தான். அது உண்டாக்கும் வோல்டேஜ் சப்ளையை எதிர்த்து நிற்கும். 3000 ஆர்பிஎம்மில் அது கிட்டத்தட்ட 12 வோல்ட் ஆகிவிடுவதால் கரண்ட் அநேகமாகப் பூஜ்யம்.

இப்போது ஷாஃப்டைக் கொஞ்சம் பிடிக்கிறீர்கள். வேகம் 2500க்கு இறங்குகிறது, எதிர் வோல்டேஜ் 10 ஆகிறது. மிச்சம் 2 வோல்ட், 1 ஓம் வழியாக 2 ஆம்பியர் பாய்கிறது. கரண்ட்தான் டார்க். இந்த மோட்டாரில் 2 ஆம்பியருக்குச் சுமார் 0.076 நியூட்டன் மீட்டர். உங்கள் கை கேட்ட டார்க் இதுவாக இருந்தால் வேகம் அங்கேயே நிற்கும். இன்னும் அழுத்தினால் இன்னும் இறங்கி, இன்னும் கரண்ட் இழுக்கும். முழுக்க நிறுத்திவிட்டால் 12 ஆம்பியர், சுமார் 0.46 நியூட்டன் மீட்டர். வேகத்தை ஒரு பக்கமும் டார்க்கை ஒரு பக்கமும் வைத்து வரைந்தால் நேர்கோடு கிடைக்கும்.

இதில் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதிக பவர் எங்கே? நின்றுபோன இடத்தில் டார்க் உச்சம், ஆனால் வேகம் இல்லை, ஆகவே பவர் பூஜ்யம். லோடு இல்லாத இடத்தில் வேகம் உச்சம், டார்க் இல்லை, அங்கேயும் பூஜ்யம். நடுவில் 1500 ஆர்பிஎம்மில்தான் பவர் அதிகம்: 6 ஆம்பியர், 36 வாட். ஆனால் அங்கே இன்னொரு 36 வாட் காயிலில் சூடாகப் போகிறது. அதனால் தொடர்ந்து ஓட்டும் வேலைக்கு யாரும் பாதி வேகத்துக்கு இறங்கவிட மாட்டார்கள், உச்ச வேகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள்.

ஷண்ட் மோட்டார், சீரிஸ் மோட்டார் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில் வைத்து, அதைச் சப்ளைக்கு நேரடியாக இணைத்தால் ஷண்ட். காந்தப்புலம் மாறாது, அதனால் மேலே சொன்ன நேர்கோடுதான். பெரிய மோட்டாரில் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு என்பதால் முழு லோடிலும் வேகம் சிறிதளவே இறங்கும்.

சீரிஸில் ஆர்மேச்சர் என்கிற சுற்றும் காயிலுக்குப் போகிற அதே கரண்ட் ஃபீல்டு வழியாகவும் போகிறது. கரண்ட் இரட்டித்தால் காந்தப்புலமும் இரட்டிக்கும், டார்க் நான்கு மடங்காகும். இரும்பு காந்தத்தில் நிறைந்து போகும் வரை இந்தக் கணக்கு நிற்கும். கிளம்பும்போது அபாரமான இழுவை, லோடு குறையக் குறைய வேகம் ஏறிக்கொண்டே போகும். ரயிலுக்கு இது கச்சிதமான குணம். மொரப்பூர், பொம்மிடி வழியாகப் போகும் ஜோலார்பேட்டை–சேலம் தடத்தில் நின்று பார்த்தால் இரண்டு தலைமுறை எஞ்சினும் கண்ணில் படும். டபிள்யூஏபி-4, டபிள்யூஏஜி-7 ஆகியவற்றில் டிசி சீரிஸ் மோட்டார். டபிள்யூஏபி-7, டபிள்யூஏஜி-9 ஆகியவற்றில் த்ரீ பேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். கிளம்பும் இழுவையை எலக்ட்ரானிக்ஸே கொடுத்துவிடுவதால் கார்பன் பிரஷ் தேய்கிற சீரிஸ் மோட்டாருக்கு இனி வேலை இல்லை.

பெரிய சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாமல் ஓடவிடவே கூடாது. வேகம் கட்டுக்கடங்காமல் ஏறி ஆர்மேச்சரே சிதறிவிடும். பெல்ட் அறுந்தால்கூட ஆபத்து என்பதால் இதைப் பெல்ட்டில் மாட்ட மாட்டார்கள்.

மிக்ஸி காலியாக ஓடினால் கத்துகிறது, சட்னி போட்டால் குரல் இறங்குகிறது. அதுவும் இதுதானா?

அதேதான். மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார், ஏசியில் ஓடும் சீரிஸ் மோட்டார். ஏசி திசை மாறும்போது ஃபீல்டும் ஆர்மேச்சரும் ஒன்றாக மாறுவதால் சுற்றும் திசை மாறாது. காலியாக ஓடினால் 18,000 ஆர்பிஎம் வரை தாராளமாகப் போகும். பிரஷ் உராய்வும் காற்றின் தடையும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. கெட்டியாக எதையாவது போட்டால் வேகம் மளமளவென்று இறங்கும். அப்போது மோட்டாரோடு சேர்ந்து அதைக் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது, கரண்டோ ஏறியிருக்கிறது. வாசனை வருவது அப்போதுதான். கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிட்டு அரையுங்கள்.

மாவு கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். உளுந்து போட்டாலும் போடாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும்.

இண்டக்‌ஷன் மோட்டார் மட்டும் எப்படி வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது?

மூன்று பேஸ் கரண்ட்டும் ஸ்டேட்டரில், அதாவது சுற்றாமல் நிற்கும் பகுதியில், சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அதன் வேகம் 120 × 50 ஹெர்ட்ஸ் ÷ போல் (காந்தத் துருவம்) எண்ணிக்கை. 2 போல் என்றால் 3000, 4 போல் என்றால் 1500, 6 போல் என்றால் 1000. உள்ளே சுற்றும் ரோட்டர் இதைவிடச் சற்றுப் பின்தங்கித்தான் ஓடும். பின்தங்கினால்தான் ரோட்டர் பட்டைகளில் கரண்ட் தூண்டப்படும், கரண்ட் இருந்தால்தான் டார்க். அந்தப் பின்தங்கலுக்கு ஸ்லிப் என்று பெயர். 1440 ஓடும் மோட்டாருக்கு ஸ்லிப் 4 சதவீதம். லோடு இல்லாதபோது 1490க்கு மேல் ஓடும். பூஜ்யத்திலிருந்து முழு லோடு வரைக்கும் ஐம்பது, அறுபது ஆர்பிஎம்தான் வித்தியாசம்.

சுழலும் காந்தப்புலத்தில் ஓடும் மோட்டாருக்கு டெஸ்லா 1888இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று கிணற்று மேட்டில் இருக்கிற அணில்கூண்டு ரோட்டர் கொண்ட த்ரீ பேஸ் வடிவத்தை 1889இல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி என்ற பொறியாளர் செய்தார். அடிப்படை இன்றும் அதுவேதான்.

முழு லோடையும் தாண்டி அழுத்தினால் டார்க் கூடிக்கொண்டே போய், சாதாரண மோட்டாரில் முழு லோடு டார்க்கைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கில் உச்சம் தொடும். அந்த உச்சத்துக்கு மேல் லோடு கேட்டால் கதை தலைகீழ். வேகம் குறையக் குறைய டார்க்கும் குறையும், மோட்டார் அப்படியே நின்றுவிடும். நின்ற மோட்டார் வழக்கமான கரண்டைப் போல் ஆறு மடங்குவரை இழுக்கும். ஓவர்லோடு ரிலே சரியாக வைத்திருந்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் காயில் கட்டும் கடைக்குத்தான் போக வேண்டும்.

லோ வோல்டேஜில் போர்வெல் மோட்டார் ஏன் எரிகிறது? கரண்ட் கம்மியாகத்தானே வருகிறது?

அதிகம் வரும் கேள்வி இது. வருவது வோல்டேஜ் கம்மி. கரண்ட் கம்மி இல்லை.

இண்டக்‌ஷன் மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வர வேண்டிய இடத்தில் 340 வோல்ட் வந்தால் 18 சதவீதம்தான் குறைவு. ஆனால் கிளம்பும் டார்க்கும் உச்ச டார்க்கும் மூன்றில் இரண்டு பங்காக விழுந்துவிடும். பம்ப்புக்கு இது தெரியாது. நூறடி, இருநூறடி கீழிருந்து தண்ணீரைத் தூக்க அதற்கு முன்பு வேண்டியிருந்த டார்க்கேதான் இப்போதும் வேண்டும். வேகம் சிறிதுதான் குறைந்திருக்கிறது, ஆக வேண்டிய பவரும் ஏறத்தாழ அதேதான். வோல்டேஜ் குறைந்தும் பவர் குறையவில்லை என்றால் கரண்ட் ஏறித்தான் ஆக வேண்டும். 7.5 ஆம்பியர் இழுத்த 5 ஹெச்பி மோட்டார் 9 ஆம்பியருக்குப் போகும். காயிலின் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சூடு.

ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வோல்ட் முள் இடப்பக்கம் சாயும்போது ஆம்பியர் முள் வலப்பக்கம் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆம்பியர் மீட்டர் வேலை செய்யாமல் முள் படுத்தே கிடக்கிற பெட்டிகள்தான் நம் பக்கம் அதிகம். அதை முதலில் மாற்றுங்கள், காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஒரு பேஸ் போய்விட்டால்?

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. மிச்சமுள்ள பேஸ்களில் சுமார் 1.7 மடங்கு கரண்ட் இழுத்துக்கொண்டு உறுமிக்கொண்டே ஓடும். நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் கிளம்பாது, ‘உம்’ என்று சத்தம் மட்டும் வரும். காரணம், ஒற்றைப் பேஸ் கொடுப்பது சுழலும் புலம் இல்லை, முன்னும் பின்னும் ஆடும் புலம். நிற்கிற ரோட்டருக்கு எந்தப் பக்கமும் டார்க் கிடைக்காது.

வீட்டு சிங்கிள் பேஸ் மோட்டாருக்குக் கண்டன்சர் வைப்பதும் இதற்காகத்தான். இன்னொரு காயிலுக்குப் போகும் கரண்டை அது முன்கூட்டித் தள்ளிவிட்டு, சுழலும் புலம் போன்ற ஒன்றை உண்டாக்குகிறது. கண்டன்சர் பலவீனமானால் முதலில் அடிபடுவது கிளம்பும் டார்க். கையால் தள்ளிவிட்டால் ஓடும் டேபிள் ஃபேன் இதற்கு உதாரணம். ரெண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டுத் த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டுகிறவர்கள், முழு டார்க் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஸ்டார்–டெல்டா போட்டால் டார்க் குறையுமா?

மூன்றில் ஒன்றாகும். கிளம்பும்போது காயில்களை ஸ்டார் இணைப்பில் வைத்து, வேகம் பிடித்ததும் டெல்டா இணைப்புக்கு மாற்றுவதுதான் இது. ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் 415க்குப் பதில் 240 வோல்ட்தான் கிடைக்கிறது, மேலே சொன்ன வர்க்கக் கணக்குப்படி டார்க் மூன்றில் ஒன்று. லைனில் இழுக்கும் கரண்ட்டும் மூன்றில் ஒன்று, அதற்காகத்தானே போடுகிறோம். மேல்மட்டக் கிணற்று பம்ப்புக்கு இது பொருத்தம், குறைந்த வேகத்தில் அதற்கு டார்க் அதிகம் வேண்டாம். ராகி மில்லில் கல்லுக்கு நடுவே மாவு சிக்கி நிற்கும்போதோ, கிரஷரில் கல் கிடக்கும்போதோ ஸ்டாரில் போட்டால் கிளம்பாமல் திணறும். அங்கே முதலில் காலி செய்யுங்கள், அப்புறம் சுவிட்ச்.

விஎஃப்டி டிரைவ் போட்டால் வேகத்தை இஷ்டம்போல் மாற்றலாமா?

மாற்றலாம், ஒரு கணக்குக்கு உட்பட்டு. சப்ளையின் ஹெர்ட்ஸையும் வோல்டேஜையும் மாற்றித் தரும் எலக்ட்ரானிக் பெட்டிதான் விஎஃப்டி. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். இந்த விகிதம் கெடாமல் டிரைவ் இரண்டையும் சேர்த்துக் குறைக்கும். 25 ஹெர்ட்ஸில் 207 வோல்ட். காந்தப்புலம் அதே அளவில் இருப்பதால் முழு டார்க்கும் கிடைக்கும், பவர் மட்டும் பாதி. ஆனால் மெதுவாகச் சுற்றும் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூட்டைக் கவனிக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றினால் வோல்டேஜ் மேலே ஏற இடமில்லை, புலம் மெலியும், டார்க் குறையும்.

சோலார் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனிப்பாடம் இருக்கிறது. பம்ப்பின் டார்க் வேகத்தின் வர்க்கத்திலும், பவர் வேகத்தின் கனத்திலும் மாறும். வேகம் 80 சதவீதம் ஆனால் பவர் 51 சதவீதம் போதும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பம்ப் தூக்கும் உயரமும் வர்க்கத்தில் விழும், 64 சதவீதம். முழு வேகத்தில் அதிகபட்சம் 150 மீட்டர் தூக்கும் பம்ப், 80 சதவீத வேகத்தில் 96 மீட்டர்தான் தூக்கும். உங்கள் தண்ணீர் மட்டம் 110 மீட்டரில் இருந்தால், மேகம் மூடினதும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், குழாயில் சொட்டு வராது. பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றி மேலே இழுப்பதற்கு முன்னால் வெயில் வரட்டும் என்று பொறுத்துப் பாருங்கள்.

மின் ஸ்கூட்டரில் டார்க் அதிகம் என்கிறார்கள். மலையேறும்போது ஏன் சில வண்டிகள் திணறுகின்றன?

ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று ஆலைகள் இருப்பதால் நம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை.

இவற்றில் இருப்பது ரோட்டரில் நிலைக்காந்தம் வைத்து, எலக்ட்ரானிக் கன்ட்ரோலரால் ஓடும் மோட்டார். பிஎல்டிசி என்றும் பிஎம்எஸ்எம் என்றும் சொல்வார்கள். பூஜ்ய வேகத்திலிருந்தே முழு டார்க் கிடைக்கும், அதற்கு எல்லை கன்ட்ரோலர் விடும் கரண்ட். ஒரு குறிப்பிட்ட வேகம் வரை இந்த டார்க் அப்படியே நிற்கும். அதன்பின் எதிர் வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜை நெருங்கிவிடுவதால் டார்க் இறங்க ஆரம்பிக்கும். காந்தப்புலத்தை வேண்டுமென்றே மெலியவைத்து வேகத்தை இன்னும் கொஞ்சம் நீட்டலாம், விலை டார்க்தான்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் மலைப்பாதை மாதிரி ஒரு ஏற்றத்துக்குக் கணக்குப் போடுவோம். வண்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து 250 கிலோ, ஏற்றம் 10 சதவீதம். மேலே தள்ள வேண்டிய விசை, டயர் உராய்வும் சேர்த்துச் சுமார் 280 நியூட்டன். சக்கர ஆரம் 0.22 மீட்டர் என்றால் சக்கரத்தில் 62 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் இது சுமார் 2.3 கிலோவாட். பவர் பெரிய விஷயமே இல்லை. டார்க்தான் கடினம்.

சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் அந்த 62ஐயும் தானே முறுக்க வேண்டும். பெல்ட்டோ கியரோ வழியாக 8க்கு 1 குறைப்பு வைத்த மோட்டாருக்கு, இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், 8 நியூட்டன் மீட்டருக்கும் குறைவாகவே போதும். வேகத்தை எட்டு மடங்கு கூட்டிக்கொண்டு டார்க்கை எட்டில் ஒன்றாக்கிக்கொள்கிறது. மலைப்பாதையில் தினமும் ஓட்டுகிறவருக்கு ஹப் மோட்டார் வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊருக்குள் சமதளத்தில் ஓட்ட அது போதும், தேய்மானமும் குறைவு.

விளம்பரத்தில் டார்க் எண்ணைப் பார்க்கும்போது அது சக்கரத்திலா, மோட்டார் ஷாஃப்டிலா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் அந்த எட்டு மடங்கு ஒளிந்திருக்கும்.

ஏற்றத்தில் மெதுவாகப் போனால் மோட்டாருக்கு நல்லதுதானே?

இல்லை. ஏற்றம் கேட்கும் டார்க் வேகத்தைப் பொறுத்தது அல்ல. 10 கிலோமீட்டரில் போனாலும் அதே 62, அதே கரண்ட், அதே சூடு. மூன்று மடங்கு நேரம் அந்தச் சூட்டில் கிடக்கிறது, குளிர்விக்கக் காற்றும் குறைவு. கன்ட்ரோலர் பயந்துகொண்டு கரண்டைக் குறைப்பதைத்தான் ‘வண்டி இழுக்கவில்லை’ என்று சொல்கிறோம்.

சிங்க்ரோனஸ் மோட்டார்?

நேரடியாக லைனில் ஓடும் சிங்க்ரோனஸ் மோட்டாரில் வேகம் இறங்கவே இறங்காது. 4 போல் என்றால் 1500, லோடு எதுவானாலும். லோடு ஏறினால் ரோட்டர் கோணத்தில் சற்றுப் பின்னால் நகரும், அவ்வளவுதான். எல்லையைத் தாண்டினால் பிடி விட்டுவிடும், நின்றுபோகும்.

ஸ்டெப்பர் மோட்டார் வேகம் கூட்டினால் ஏன் தவறுகிறது?

துடிப்புக்கு ஒரு படியாக நகரும் மோட்டார் இது. நின்ற நிலையில்தான் அதற்குப் பலம் அதிகம். வேகமாகத் துடிப்பு கொடுக்கும்போது காயிலில் கரண்ட் முழுக்க ஏறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும், டார்க் விழும். மெதுவாக ஆரம்பித்துப் படிப்படியாக வேகம் கூட்டுங்கள், டிரைவர் வோல்டேஜைக் கூட்டுங்கள்.

இறக்கத்தில் மோட்டார் என்ன செய்யும்?

ஜெனரேட்டர் ஆகும். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால், கன்ட்ரோலர் டார்க்கின் திசையைத் திருப்பிவிடும். மோட்டார் வண்டியைப் பின்னால் இழுக்கும், கரண்ட் பேட்டரிக்குப் போகும். இண்டக்‌ஷன் மோட்டாரும் இதைச் செய்யும். ரோட்டரை 1500க்கு மேல் யாராவது தள்ளினால் ஸ்லிப் எதிர்ப்பக்கம் மாறி, லைனுக்கே மின்சாரம் திரும்பும். இறக்கத்தில் த்ரீ பேஸ் ரயில் எஞ்சின்கள் பிரேக் பிடிப்பது இப்படித்தான், அங்கே டிரைவ் புலத்தின் வேகத்தை ரோட்டரைவிடக் கீழே இறக்கி வைக்கிறது.

ஸ்கூட்டரில் கவனிக்க வேண்டியது ஒன்று. பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ள இடம் இருக்காது, கன்ட்ரோலர் இந்தப் பிரேக்கைக் குறைத்துவிடும் அல்லது முழுக்க நிறுத்திவிடும். கணவாய் மேட்டிலேயே முழு சார்ஜ் போட்டுக்கொண்டு தொப்பூர் இறங்குகிறவர்கள் கைப்பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும்.